வில்லன் வேஷம்

கெட்டவனாக நடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பார்க்கிறவனுக்கும் அதில் பங்கு உண்டு. 'ரத்தக்கண்ணீர்' முதலில் நாடகமாக ஊர் ஊராகச் சென்றது. 1954இல் படமாக வந்தது. அதில் எம். ஆர். ராதா ஏற்ற மோகன், பெற்ற தாயை மதியாதவன். கட்டிய மனைவியை விட்டுத் தாசி வீட்டில் கிடந்தவன். கொட்டகையில் கைதட்டலெல்லாம் அவனுக்குத்தான். தொழுநோய் வந்து தெருவில் நின்ற பிறகும் அவன் நாக்கு அடங்கவில்லை. நாமும் சிரிப்பை நிறுத்தவில்லை.

எம். என். நம்பியாரைப் பற்றி இன்னொன்று சொல்வார்கள். திரையில் கதாநாயகியைத் துரத்தியவர், நிஜத்தில் வருஷந்தோறும் மலைக்கு மாலை போட்ட குருசாமி. 2008இல் அவர் மறைந்தபோதுகூட எல்லோரும் இதையே அதிசயமாகப் பேசினார்கள். இதில் அதிசயம் என்ன? வேஷம் அவருடையது, கலைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். நாம் டிக்கெட் வாங்கியவர்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்த வேஷம் நம் கைக்கே வந்துவிட்டது. வீடியோ கேமில் வில்லத்தனத்தைப் பார்ப்பதோடு முடிவதில்லை. விரல் அழுத்தினால்தான் கத்தி இறங்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டுக்கு அலையாத்திக் காடு பார்க்கப் போயிருந்தேன். படகுக்குக் காத்திருந்த நேரத்தில், பக்கத்தில் ஒரு பையன் போனில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' ஆடிக்கொண்டிருந்தான். 2004இல் வந்த ஆட்டம். 2013இல் போனுக்கும் வந்தது. நடைபாதையில் சும்மா போன ஒரு கிழவர் மீது காரை ஏற்றினான்.

"அவர் என்னப்பா செய்தார் உன்னை?" என்றேன்.

"ஒண்ணும் செய்யலை சார். ஸ்டார் வந்தா ஓடிரலாம்."

ஸ்டார் என்றால் போலீஸ் துரத்துகிறது என்று அர்த்தமாம். பிடிபட்டால் ஆயுதம் போகும், கொஞ்சம் பணம் போகும். ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டுவிடுவார்கள்.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். அவர் தவக்காலத்துப் பாஸ்கா நாடகத்தில் பல வருஷம் யூதாஸ் வேஷம் போட்டவராம். "காசு வெறும் தகரந்தான் சார். ஆனா வாங்குறப்போ கை கூசும்" என்றார்.

இந்தக் கூச்சம்தான் விஷயம். வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் துகிலுரியும் கட்டம் வரும்போது, துச்சாதனன் வேஷம் கட்டியவர் புடவையில் கை வைக்குமுன் ஆட்டத்தை நிறுத்துவார். திரௌபதி அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். பிறகுதான் இழுப்பார், அதுவும் பலமாகவே இழுப்பார். வேஷத்தை அவர் குறைத்துக்கொள்வதில்லை. நடிப்பென்றாலும் இழுக்கிற கை தன் கைதான் என்று அவருக்குத் தெரியும்.

'சான் ஆண்ட்ரியாஸ்' பேரில் என் புகார், அது கெட்டவனாக இருக்க விடுகிறது என்பதல்ல. அதன் நாயகன் சி.ஜே. தாயின் சாவுக்காக ஊர் திரும்பியவன். கதையில் தாய்க்காகக் கலங்குகிறான்; தெருவுக்கு வந்தால் யார் தாய் என்றும் பாராமல் இடித்துத் தள்ளுகிறான். அந்த சி.ஜே.யை இந்த சி.ஜே.க்குத் தெரியாது. நாவலில் இப்படி ஒரு பாத்திரத்தை நான் படைத்திருந்தால் நீங்கள் பத்தாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடியிருப்பீர்கள். (பையன்கள் கெட்டுப்போவார்கள், தடை செய்ய வேண்டும் என்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அந்தக் காரங்காட்டுப் பையன் எனக்குப் படகில் ஏறக் கை கொடுத்தவன்.)

எழுதுகிறவனுக்கு இது சொந்த விவகாரமும்கூட. வட்டிக்காரனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவன் கணக்கை நான்தான் போட வேண்டும். விதவையின் வளையலை எடை பார்க்கும்போது அவனுக்கு வருகிற திருப்தி, ஒரு நிமிஷம் எனக்கும் வந்தால்தான் அந்தப் பக்கம் உயிரோடு நிற்கும். வந்தது எனக்குத் தெரிந்துமிருக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொண்ட ஆட்டங்களும் உண்டு. ஜப்பானில் செய்து 2005இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' அப்படிப்பட்டது. இறந்த பெண்ணை எழுப்ப ஒரு வாலிபன் 16 பூதாகாரமான பிராணிகளைக் கொல்ல வேண்டும். அவற்றில் சில நம்மைச் சீண்டவே இல்லை. ஒவ்வொன்றும் விழும்போது வெற்றி முழக்கம் வராது. சோகமான சங்கீதம் வருகிறது. கொல்லக் கொல்ல அவன் முகம் வெளிறிக்கொண்டே போகிறது. 'நீ செய்தது தப்பு' என்று யாரும் பிரசங்கம் செய்வதில்லை. ஆனால் அடுத்ததைத் தேடிக் குதிரையில் போகிற அந்த நீண்ட வெளியில் யோசிக்க நிறைய அவகாசம் இருக்கிறது. இத்தனை பொறுமை நம் சினிமாவில்கூட அபூர்வம்.

2015இல் வந்த 'அண்டர்டேல்' வேறு மாதிரி. பார்க்கக் குழந்தைச் சித்திரம்போல் இருக்கும். யாரையும் கொல்லாமலே முடிக்கலாம். எல்லோரையும் கொன்றும் முடிக்கலாம். எல்லோரையும் கொன்று முடித்தவர், ஆட்டத்தை மறுபடி தொடங்கி எவ்வளவு நல்லவராக ஆடினாலும், கடைசியில் பழைய கறை எட்டிப்பார்க்கிறது. ஆட்டம் மறப்பதில்லை. அந்தக் கறையைப் போக்க, கம்ப்யூட்டரில் அது ஒளித்துவைத்த ஞாபகத்தைத் தேடிப்பிடித்து அழித்தவர்கள் இருக்கிறார்கள். கொன்றது பொம்மைகளைத்தான், வேறு யாரும் பார்க்கவுமில்லை.