தலையில் முளைத்த கம்பம்

சென்னை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நாங்கள் கூட்டாக விடியற்காலையில் புகைப்படம் எடுப்பதைவிட, அதற்குப் பிந்தைய டீக்கடை விசாரணையில்தான் எனக்கு ருசி அதிகம். கேமராக்கள் கைமாறும், பின்திரையில் படங்கள் நகரும். "சூப்பர்ங்க" என்பவரால் யாருக்கும் பயனில்லை. "மீன்காரம்மா தலையிலேருந்து கம்பம் முளைச்சிருக்கு பாருங்க, ரெண்டடி இடதுபக்கம் நகர்ந்திருந்தா போதும்" என்கிறாரே, அவர்தான் ஆசான். அந்த இரண்டடியை எந்தக் கையேடும் சொல்லாது.

இப்படி உடனுக்குடன் பிழை பார்ப்பது புது வசதி. 1850களிலேயே மதராசில் புகைப்படச் சங்கம் இருந்தது. 1858இல் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சையையும் காகித நெகட்டிவில் எடுத்தார். அன்று பிழை தெரிய நெகட்டிவைக் கழுவியாக வேண்டும். இன்று டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடுகிறது.

லென்ஸ் யோசனை வேறு ரகம். அடுத்தவர் பணப்பையில் கைவைப்பது. "50 மி.மீ., எஃப் 1.8 வாங்குங்க" என்பது எல்லார் வாயிலும் வரும். மலிவு, மங்கிய வெளிச்சத்துக்கும் தாங்கும், உண்மைதான். ஆனால் சிறிய சென்சாரில் அது ஏறக்குறைய 75 மி.மீ. போலக் காட்சியை நெருக்கும். மயிலாப்பூர்ச் சந்தில் பின்வாங்கினால் முதுகில் சுவர். அதையும் சேர்த்துச் சொல்பவர் குறைவு.

விமர்சனத்திலும் இரண்டு வகை உண்டு. 1/30 நொடி ஷட்டர் வேகத்தில் கூடை தூக்கியவரின் கை கலங்கிவிட்டது என்பது தகவல். கறுப்பு வெள்ளையாக்கியிருக்கலாம் என்பது ருசி. மூத்தவர்கள் இரண்டையும் ஒரே கண்டிப்போடு சொல்வார்கள். புதியவர்கள் பணிவாகத் தலையாட்டிவிட்டு, வண்ணத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். சரியாகத்தான் செய்கிறார்கள்.