மைலோ டின் ஏரியல்

அம்பாங் அடுக்குமாடி வீடுகளில் காலி மைலோ டின்னை யாரும் லேசில் தூக்கிப் போடுவதில்லை. திருகாணியோ சில்லறையோ குடியேறிவிடும். வைஃபை ஏரியலாக்குவதுதான் அதற்குத் தகுந்த மரியாதை என்பேன். விட்டம் 8.5 செ.மீ. என்றால், அடித்தகட்டிலிருந்து 5.8 செ.மீ. தள்ளி ஓர் ஓட்டை. அதன் வழியே உள்ளே 3.1 செ.மீ. செம்புக் கம்பி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைநீளத்தில் கால்பங்கு. 7.3 செ.மீ.க்கும் ஒடுங்கிய டின்னுக்குள் அந்த அலை ஓடாது. இந்தோனேசியாவில் ஓன்னோ பூர்போ பரப்பிய வாணலி ஏரியலுக்கு எட்டும் தூரம் அதிகம்தான். ஆனால் அதை ஜன்னல் கம்பிக்குள் எங்கே வைப்பது?

சோதிப்பதில்தான் சுகம். எதிர் பிளாக்கில் அக்கா வீட்டு ரவுட்டரை நோக்கி மெல்லத் திருப்பினால், மைனஸ் 80 டிபிஎம்மாக இருந்த சிக்னல் மைனஸ் 65 ஆகலாம். இருந்த இடத்திலேயே டின்னைக் கால்சுற்று உருட்டுங்கள்: கம்பி படுக்கும், சிக்னலும் படுக்கும். பிளாஸ்டிக் மூடி இருந்தால் மாட்டிவிடுங்கள். அலையை விடும், சாயங்கால மழையை விடாது.