தொல்லியல் படிக்க எந்தத் துறை?

தொல்லியலில் முதுகலை படிக்க விரும்பும் நம் மாணவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் தரவரிசையையும் வைத்தே முடிவெடுக்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய நிறுவனத்தில் நல்ல நூலகமும் ஆய்வகமும் கிடைக்கும். வேலை தேடும்போது பெயரும் கைகொடுக்கும். ஆனால் தரவரிசை நிறுவனம் முழுமைக்குமானது. ஒரு துறை மாணவரை அகழாய்வுக் குழியில் எத்தனை வாரம் வேலை செய்ய வைக்கிறது, பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்றுத்தர ஆள் இருக்கிறாரா என்பதையெல்லாம் அது காட்டாது. தொல்லியல் படிப்பின் தரம் களமும் எழுத்தும் ஒன்றாகக் கற்பிக்கப்படுவதில்தான் இருக்கிறது.

இதற்குச் சான்று தேனி மாவட்டத்தில் உண்டு. வைகையின் கரையில், ஆண்டிபட்டி வட்டாரத்தில் உள்ள புலிமான்கோம்பையில், தமிழ்பிராமி எழுத்துள்ள நடுகற்கள் 2006-இல் வெளிப்பட்டன. கண்டறிந்தவர்கள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கா. ராஜனின் வழிகாட்டலில் கள ஆய்வு செய்த மாணவர்கள். எழுத்தறியாத கண்ணுக்கு அவை வெறும் பலகைக் கற்கள். எகிப்தியலிலும் இதுவே நிலை: சித்திர எழுத்தும் காப்டிக் மொழியும் தெரியாமல் அத்துறையில் ஆழமாகப் போக முடியாது, ஜெர்மன், பிரெஞ்சு ஆய்வுகளையும் படிக்க வேண்டும். அதோடு, எகிப்தின் செங்கடல் துறைமுகங்களான குசேர் அல்-காதிமிலும் பெரனிகேயிலும் தமிழ்பிராமி பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. ஆகவே எகிப்தை நோக்கிப் போகும் தமிழ் மாணவருக்கும் இங்கே பெறும் எழுத்துப் பயிற்சி வீணாகாது.

களத்தையும் எழுத்தையும் மட்டும் நம்பும் வழியில் குறையும் உண்டு. கீழடி அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு கி.மு. 580 என்று காலம் கணித்தது அமெரிக்க ஆய்வகம். கல்வெட்டை மட்டும் அறிந்தவரால் அத்தகைய முடிவைச் சோதித்துப் பார்க்க முடியாது. அறிவியல் பாடம் மெலிந்த துறை அரைகுறைப் பயிற்சியே தரும். பட்டத்தின் பெயர்தானே வேலைக்கு வழி என்றும் கேட்கலாம். 2020-இல் இந்தியத் தொல்லியல் துறையின் முதுநிலைப் பட்டயப் படிப்புக்கான தகுதிப் பட்டியலில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்புக்குப் பிறகே சேர்க்கப்பட்டது. எனவே தகுதி விதியைப் பார்ப்பது அவசியம். ஆனால் விதி நுழைவுச்சீட்டு மட்டுமே. வேலையில் நிலைக்க வைப்பது பயிற்சி.

விண்ணப்பிக்கும் முன் துறையிடம் மூன்றைக் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை வாரம் அகழாய்வு? எந்தெந்த எழுத்துகளைக் கற்பிக்கிறீர்கள்? ஆய்வக வேலையில் மாணவருக்கு இடமுண்டா? தெளிவான பதில் வராத துறை, பட்டியலில் முதலிடம் பெற்றிருந்தாலும், உங்களுக்கானதல்ல.