தலையும் பீடமும்

அச்சுப்படம் என்றவுடன் அதனை மூல ஓவியத்தின் மலிவான நகல் என்றே நம்மிற் பலர் எண்ணிவிடுகிறோம். சுவரில் மாட்டிய நாட்காட்டிப் படங்கள் நமக்குள் வளர்த்த எண்ணம் அது. சிகாகோ கலைக் கழகத் தொகுப்பில் உள்ள ஒரு சிறு தாள் அவ்வெண்ணத்தைத் தகர்க்க வல்லது. அந்தோனி வான் டைக், 1630ஆம் ஆண்டையொட்டித் தம் கையாலேயே செப்புத் தகட்டில் வரைந்த தன்னுருவம் அது.

1599இல் ஆண்ட்வெர்ப் நகரிற் பிறந்த இவ்வோவியர், தம் காலத்துப் பெருமக்களின் உருவங்களைத் தொகுக்க முனைந்தார். 'ஐகனோகிராபி' என வழங்கும் அத்தொகுதியில் அரசரும் படைத்தலைவரும் அறிஞரும் உளர். ஆயினும் பாதிக்கு மேற்பட்டோர் ஓவியரும் கலை அன்பருமே. கைத்தொழிலாளர் வரிசையில் வைத்தெண்ணப்பட்ட ஓவியரை அரசரோடு ஒரே நூலில் அமர்த்திய துணிவு அது. படங்களுட் பெரும்பாலானவற்றை போண்டியஸ், வோர்ஸ்டர்மன் முதலிய செதுக்கர்கள் உளிகொண்டு பொறித்தனர். வான் டைக் தாமே வரைந்தவை மிகச் சிலவே. மெழுகு பூசிய செம்பில் ஊசியாற் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்கவிடும் முறையில் அமைந்தவை அவை. உளி கையை அடக்கும். ஊசியோ கை போன போக்கில் போகும்.

தன்னுருவத்தில் உள்ளது தலை மட்டுமே. தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மைப் பார்க்கிறார். மீசையும் கலைந்த முடியும் விரைந்த கோடுகளாற் பிறக்கின்றன. கழுத்தோடு ஓவியம் ஏறத்தாழ நின்றுவிட, எஞ்சிய தாள் வெறுமையாகக் கிடக்கிறது. முடிக்காமல் விட்டாரா, முடிந்ததென்றே விட்டாரா? பின்னதே என்பது என் துணிபு. அவ்வெண்மை இல்லையேல் அத்திரும்பலின் வேகம் புலப்படாது.

1641இல் வான் டைக் மறைந்தார். 1645இல் கில்லிஸ் ஹெண்ட்ரிக்ஸ் என்னும் பதிப்பாளர் நூறு உருவங்களை நூலாக்கியபோது முகப்பேட்டுக்கு இத்தகட்டையே எடுத்துக்கொண்டார். யாக்கோப் நேஃப்ஸ் என்ற செதுக்கர் வெற்றிடத்தை நிரப்பினார். தலைக்கு மார்பு வந்தது. மார்புக்குக் கீழே பீடம் வந்தது. பீடத்தில் நூற்பெயர் ஏறியது. உயிரோடு திரும்பிய முகம் சிலையாயிற்று.

நேஃப்ஸைப் பழிப்பது எளிது. நூலுக்கு முகப்பு வேண்டும்; மறைந்த ஆசிரியனுக்கு நினைவுச்சிலை எழுப்புவதும் முறையே. அவருடைய உளிவேலையில் குறை காண்பதற்கும் இல்லை. ஆனால் கல்மார்பின் மேல் அக்கண்கள் மட்டும் இன்னும் நம்மைப் பார்க்கின்றன. சிலைக்கு ஏது அந்தப் பார்வை? இரு கைகளும் அங்கே ஒட்டவில்லை. ஒட்டாத இடம் கழுத்து.

மதிப்புச் செய்கிறோம் என்று ஓவியனைக் கல்லாக்கியவர்களுக்கு, முதல் நிலைத் தாளின் வெறுமை குறையாகவே தோன்றியிருக்கும். இரு நிலைகளின் படிகளும் அருங்காட்சியகங்களில் உள்ளன. வாய்ப்புக் கிட்டுவோர் அவற்றை அருகருகே வைத்துக் காண்க. முதலில் பீடத்தைக் கையால் மறைத்துவிட்டு.