சவேரியார் மடல்களில் ‘வேணும்’ என்னும் சொல்

மலாக்கா பவுல் குன்றில் 1553இல் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்த பிரான்சிஸ் சவேரியாரை இங்கு அற்புதங்கள் வழி நினைவுகூர்தல் வழக்கு. நாம் அவர்தம் மடல்களை நோக்குகிறோம். முத்துக்குளித்துறையில் கையில் மணியுடன் தெருத்தெருவாய் நடந்து சிறுவரைத் திரட்டியதையும், நோயாளர் இல்லங்களுக்குத் தம்மால் செல்லவியலாதபோது அச்சிறுவரையே செபம் சொல்ல அனுப்பியதையும் 1544 சனவரி மடலில் எழுதுகிறார். அறிந்தோர் துணையுடன் பெயர்த்த செபங்களை மனனம் செய்தே அவர் சொன்னார். தமிழின் பொருள் சிறுவர் வாயிலேயே இருந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில் உடனுழைத்த மான்சிலாசுக்கு விடுத்த மடலே நமக்கு முதன்மையானது. விசுவாச அறிக்கையில் ‘வேணும்’ எனல் ஆகாது, அது விரும்புகிறேன் எனப் பொருள்படும், விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லே வேண்டும் என்று திருத்துகிறார். கோட்பாட்டளவில் திருத்தம் சரியே. ஆயினும், முன்பின் அறியாதார் வாசலில் நின்ற அச்சிறுவர்க்கு ‘வேணும்’ பிழைச்சொல் அன்று. விருப்பத்தையும் மன்றாட்டையும் ஒருசேரத் தாங்குவது ‘வேண்டுதல்’. நோயாளிக்கு நலம் வேணும் என்பதன்றி அங்கு வேறு செபம் ஏது?

கிறித்தவத் தமிழின் வரலாற்றை 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்திலிருந்து தொடங்குகிறோம். அதற்கு 34 ஆண்டுகள் முன்னரே, ஏடேறாத் தெருத்தமிழில், ஒரு சொல்லின் பொருள்மேல் வழக்கு நடந்திருக்கிறது. 1545இல் மலாக்கா வந்து செபங்களை மலாயில் பெயர்த்தபோது சவேரியார் கைக்கொண்ட முறையும் அத்தெருவில் பழகியதே.