சிங்கி பெற்ற சிலம்பு

திருக்குற்றாலக் குறவஞ்சியை அருவிக்காகவும் குரங்குகளுக்காகவும் படித்துவிட்டு மூடிவிடுகிறவர்களே அதிகம். எனக்கு அதன் பிற்பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. சிங்கியின் உடம்பெல்லாம் நகையைக் கண்டதும் சிங்கனுக்குச் சந்தேகம். காலில் கிடப்பது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவள் கூசாமல் கணக்குச் சொல்கிறாள்: இது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு, இது பாண்டியன் மகளுக்குக் குறி சொல்லிப் பெற்ற பாடகம்.

நாடோடிப் பெண்தான், ஆனால் பிச்சைக்காரி அல்ல. சொல்லைக் கொடுத்தாள், நகையை வாங்கினாள். அந்தப் பதிலில் உள்ள நிமிர்வுக்கு, வசந்தவல்லியின் விரகப் பாட்டெல்லாம் ஈடாகாது என்பேன்.

கலைக்குக் கூலியா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் சுளிக்கவில்லை. மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கர், இந்நூலுக்காக அவருக்கு நிலம் கொடுத்தார். அதற்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர்.

நம் வாசகர் என்ன கொடுக்கிறார்? குத்துக்கல்வலசையானாலும் மயிலாப்பூரானாலும், இரவல் வாங்கிப் படிக்கிறார். புத்தகத்தைத் திருப்பித் தர மறக்கிறார். பிறகு, தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்.

நிலம் வேண்டாம். குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சி., தாம் அனுபவித்த பாட்டை நண்பர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவர்களையும் அனுபவிக்க வைத்தார். கவிக்குப் பட்ட கடனை அப்படியும் தீர்க்கலாம். புத்தகத்தை விலைக்கு வாங்குங்கள். பிடித்ததோ பிடிக்கவில்லையோ, ஏன் என்று யோசித்து ஆசிரியருக்கு நாலு வரி எழுதுங்கள். குறி கேட்டவர்கள் சிலம்பே கொடுத்தார்கள்.