வியப்பும் அறிவும்: 'லார்ட் ஆஃப் லைட்' நாவல் பற்றிய வாசகர் கருத்துகள்

ஒரு நூலைப் பற்றிக் கற்றோர் வேறுபட்ட கருத்துக் கொள்ளுதல் புதுமையன்று. தொல்காப்பிய நூற்பா ஒன்றற்கு இளம்பூரணர் ஒரு பொருளும் நச்சினார்க்கினியர் பிறிதொரு பொருளும் கண்ட இடங்கள் பல. அவ்வேறுபாடுகளைக் காணுங்கால் எவர் கூற்றுப் பொருந்தும் என வினவுதல் முறை. அவ்வேறுபாடு நூலின் எவ்வியல்பிலிருந்து பிறந்தது என வினவுதலும் திறனாய்வாளர் கடனாகும். அறிவியற் புனைகதையும் மாயப் புனைகதையும் கலந்த ஆங்கில நாவல் ஒன்றன்மேல் இவ்விரண்டாம் வினாவை வைத்து ஆராய யாம் இங்கு முற்படுகின்றோம்.

அமெரிக்க எழுத்தாளர் ரோஜர் ஜெலாஸ்னி (1937–1995) இயற்றிய 'லார்ட் ஆஃப் லைட்' 1967 ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. 'ஒளியின் தலைவன்' என்பது அப்பெயரின் பொருள். 1968 இல் சிறந்த நாவலுக்குரிய ஹியூகோ பரிசு இதற்குக் கிடைத்தது. அப்பரிசு உலக அறிவியற் புனைகதை மாநாட்டு உறுப்பினர்களின் வாக்கினால் வழங்கப்படுவது; ஆதலின் அதனை வாசகர் தீர்ப்பு என்றே கொள்ளலாம். எனினும் அறிவியற் புனைகதை, மாயப் புனைகதை ஆகிய இரண்டும் அப்பரிசுக்கு உரியன. எனவே நூல் சிறந்தது என்று அவ்வாக்குக் கூறிற்றேயன்றி, அஃது எவ்வகையைச் சார்ந்தது என்று கூறவில்லை. அவ்வினா இன்றுவரை வாசகரிடையே முடிவுறாது நிற்கின்றது.

கதையின் அமைப்பு

'இந்திய விண்மீன்' எனப் பொருள்படும் பெயருடைய விண்கலம் ஒன்று மனிதரைத் தொலைவிலுள்ள ஓர் உலகிற்குக் கொண்டு சேர்த்தது. அக்கலத்தில் முதன்முதல் வந்தோர், ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு உள்ளத்தை மாற்றும் பொறியைக் கைக்கொண்டு சாவை வென்றனர். நெடுங்காலம் கழிந்தபின் அவர்களே பிரமன், யமன், காளி, அக்கினி முதலிய பெயர்களைச் சூடி வானகர் ஒன்றில் அரசு செலுத்துகின்றனர். அவர்தம் வழிவந்த மக்களோ பொறியறிவு இன்றிக் கீழே வாழ்கின்றனர். அச்சுப்பொறி போன்ற கருவிகள் மக்களிடையே மீண்டும் தோன்றுந்தோறும் தேவர்கள் அவற்றை அழிக்கின்றனர். அடுத்த உடல் வேண்டுவோரின் உள்ளத்தைக் கருவி கொண்டு துருவி நோக்கும் 'கருமத் தலைவர்', பணிந்தவனுக்கு நல்லுடலும் பணியாதவனுக்கு நோயுடலோ விலங்குடலோ அளிக்கின்றனர். காசிட்டு வேண்டுதல் செலுத்தும் இயந்திரங்களும் அந்நாட்டில் உண்டு.

முதல்வருள் ஒருவனாகிய சாம் இவ்வாட்சியை எதிர்க்கின்றான். பொறியறிவு எல்லார்க்கும் உரியதாதல் வேண்டும் என்பது அவன் கொள்கை. படையால் மட்டும் வெல்லவியலாதென உணர்ந்து, பழைய உலகின் புத்தர் அறத்தை அவன் மக்களிடையே பரப்புகின்றான். தேவர் சமயத்திற்கு எதிர்ச் சமயம் ஒன்றை நிறுத்துதலே அவன் நோக்கம். கதை ஏழு இயல்களாக நடக்கின்றது. முதல் இயலின் நிகழ்ச்சிகள் காலத்தால் ஆறாம் இயலுக்குப் பின்னும் ஏழாம் இயலுக்கு முன்னும் நிகழ்ந்தவை. இடைப்பட்ட ஐந்தும் முன்வரலாறு. இதனை முன்னறியாது நூலைத் தொடங்குவோர் இடர்ப்படுதல் இயல்பு.

இரு சாரார் கூற்று

வாசகருள் ஒரு சாரார் இதனை ஐயமின்றி அறிவியற் புனைகதை என்பர். அவர் காட்டும் சான்று வலிமையுடையது. மறுபிறவி பொறியால் நிகழ்கின்றது; தேவரின் தேர்களையும் படைக்கலங்களையும் யமன் பட்டறையில் வைத்துச் செய்கின்றான்; இராக்கதர் எனப்படுவோர் அவ்வுலகின் பழங்குடிகளாகிய ஆற்றல் வடிவினர். இவ்விராக்கதரைப் பற்றி யமனே நூலினுள் விளக்கம் தருகின்றான். இன்னும் அறியப்படாத பொருள் வேறு, என்றும் அறியவொண்ணாத பொருள் வேறு. இராக்கதர் முன்னவகையினர் என்பது அவன் கருத்து. அறிவியலையும் மாயத்தையும் பிரிக்கும் எல்லை இதுவே என்றும் அவன் கூறுகின்றான்.

மற்றொரு சாரார் இதனை மாயப் புனைகதை என்பர். புராணங்களை நினைவூட்டும் மொழிநடையையும், தேவர் போர்களையும், சாபத்தையும் அவர் காட்டுவர். பொறியின் துணையின்றியே சிலரிடம் விளங்கும் தனியாற்றல்களை அவர் சிறப்பாக எடுத்துக்காட்டுவர். யமன் தன் நோக்கினாலேயே உயிர் கவர்கின்றான். இவ்வாற்றல்களைக் குறித்து நூல் சில குறிப்புகள் தருகின்றதேயன்றி, அவை இயங்கும் முறையை நிறைவுற விளக்கவில்லை. ஆகவே பொறிகள் மேற்போர்வை, மாயமே உள்ளுறை என்பது அவர் துணிபு.

இவ்விருவரையும் இணைக்க முற்படுவோர் ஆர்தர் கிளார்க் 1973 ஆம் ஆண்டுப் பதிப்பொன்றில் மூன்றாம் விதியாக வைத்த கருத்தைத் துணைக்கழைப்பர். மிக வளர்ந்த பொறியியலையும் மாயத்தையும் வேறுபிரித்தறிதல் இயலாது என்பது அது. பொருத்தமான கருத்தே, ஆயினும் இந்நாவலுக்கு அது போதாது. யாரால் பிரித்தறிதல் இயலாது என்னும் வினாவை அது எழுப்பவில்லை. வானகரில் வாழும் யமனால் இயலும். கீழே காசிட்டு வேண்டும் உழவனால் இயலாது. அவ்வியலாமையைக் காத்துப் பேணுதலே தேவர் ஆட்சியின் அடிப்படை.

மருட்கையும் அறிவும்

இவ்விடத்துத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மருட்கை பற்றிக் கூறுவது நமக்குத் துணைசெய்கின்றது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் வியப்பின் நிலைக்களன்கள் என்பர் அவர். ஒன்று பிறிதொன்றாய்த் திரிதலை ஆக்கம் என்பர் உரைகாரர். இந்நான்கும் இந்நாவலில் நிரம்பக் காணப்படுகின்றன. மூப்புற்றவன் இளைஞனாய் எழுதல் ஆக்கத்திற்குத் தக்க சான்று. ஆனால் யாம் வற்புறுத்த விழைவது வேறொரு கூறு. அறிவு நிறைவுறாமையை மருட்கையோடு இயைத்தே ஆசிரியர் கூறுகின்றார். அஃதாவது, வியப்பு என்பது காணப்படு பொருளின் இயல்பால் மட்டும் பிறப்பதன்று. காண்பான் அறிவின் அளவையும் பற்றியது.

இதனைக் கொண்டு நோக்கின் இரு சாரார் பூசலின் வேர் புலப்படும். நாவலின் உலகில் ஒரே நிகழ்ச்சி அறிந்தோனுக்குத் தொழில்நுட்பமாகவும் அறியாதோனுக்குத் தெய்வச் செயலாகவும் நிற்கின்றது. அறிவியற் புனைகதை என்போர் வானகரில் நின்று நூலைக் காண்கின்றனர். மாயப் புனைகதை என்போர் கோயில் வாயிலில் நின்று காண்கின்றனர். ஆசிரியர் இரண்டிடத்தையும் நமக்குத் தந்து, ஒன்றில் நிலைத்து நிற்க விடாது செய்கின்றார். இருவகையாகவும் கொள்ளத்தக்கவாறு இந்நூலைக் கருதியே எழுதியதாக ஜெலாஸ்னியும் கூறியுள்ளார். ஆகவே வகையைத் துணிந்துரைக்கும் வாசகர் எவராயினும், நூல் எழுப்பும் அறவினாவினின்றும் விலகிவிடுகின்றனர். அறிவு சிலர் கையில் மறைந்து நிற்குமாயின் அது பிறர்க்குச் சமயமாகவும் அச்சமாகவும் மாறும் என்பதே அவ்வினாவின் சாரம் என்பது எம் கருத்து.

இரில்டின் வரலாறு இதற்கு மறுதலைபோல் தோன்றி இதனையே நிறைவு செய்கின்றது. சாமைக் கொல்லுமாறு காளியால் ஏவப்பட்ட இரில்டு நோயுற்று வீழ்கின்றான். துறவியரால் காக்கப்பட்டுச் சாமின் அறவுரைகளைக் கேட்கின்றான். கூறியவன் அவ்வறத்தைக் கருவியாகவே கையாண்டான். கேட்டவனோ அதனால் மெய்யாகவே ஞானம் எய்தினான். அவனது அமைதிக்குப் பொறி எதுவும் காரணம் அன்று. பொய்யுரைத்தான் வாயிலாகவும் மெய் ஒருவனைச் சென்றடையும் என்று காட்டும் இப்பகுதியை நூலின் உயிர்நிலை எனலாம். சமயம் அனைத்தும் ஏமாற்றே என்னும் எளிய முடிவுக்கு நூல் இறங்காதபடி இது தடுக்கின்றது.

இந்திய வாசகரின் மறுப்பு

இன்று கோடிக்கணக்கானோர் வழிபடும் தெய்வப் பெயர்களை முகமூடிகளாக ஆளுதல் தகுமோ என வினவும் வாசகரும் உளர். மேலைநாட்டுப் பேச்சு வழக்கில் வேடிக்கை பேசும் தேவர்களைக் கண்டு அவர் மனம் கசப்பது வியப்பன்று. இக்கூற்றில் ஒரு பாதி ஏற்கத்தக்கது. மறு பாதி ஏற்கத்தக்கதன்று.

பேச்சுநடை பற்றிய குறை வலுவற்றது. அத்தேவர்கள் உண்மையில் விண்கல மாந்தர். உயர்நடை நழுவிப் பழகுநடை வெளிப்படும் இடங்கள் முகமூடி நழுவும் இடங்களேயாம். புத்தரைத் தேவர்க்கு எதிராக நிறுத்தியதும் முற்றிலும் புறத்தார் கற்பனை ஆகாது. வேள்வி மரபோடு பௌத்தம் மாறுபட்டதும், பின்னர்ப் புராணங்கள் புத்தரைத் திருமாலின் அவதாரமாக ஏற்றதும் இந்திய வரலாறு அறிந்த செய்திகள்.

ஆயினும் கருமக் கொள்கை இந்நூலில் தண்டனை முறையாக மட்டும் சுருங்கிவிட்டது. தன் வினைக்குத் தானே பொறுப்பு என்னும் அதன் அறப்பொருள் பேசப்படவே இல்லை. இரில்டு பௌத்த நெறியில் மெய்ஞ்ஞானம் பெற்றது போல, தேவரை வணங்கும் ஒருவன் தன் வழிபாட்டால் உள்ளம் உயர்ந்த காட்சி ஒன்றும் நூலில் இல்லை. எதிர்த்தரப்பிற்கு மறுக்கப்பட்ட இந்நடுநிலை நூலின் குறையே ஆகும்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அது வாசகர் மறுப்புகளுள் மிகுதியாக இடம்பெறுவதில்லை. மக்களுக்காக வாதாடும் இந்நாவலில் மக்கள் பேசும் இடம் மிகச் சில. தேவரும் தேவராயிருந்து விலகியோருமே நெடிது உரையாடுகின்றனர். அறிவு மறுக்கப்பட்டோர் தம் நிலையைத் தாமே எங்ஙனம் உணர்ந்தனர் என்பதை நாம் பெரும்பாலும் மேலிருந்தே அறிகின்றோம். பொறியறிவைப் பகிர வேண்டும் என வற்புறுத்திய ஆசிரியர், கதை சொல்லும் உரிமையைப் பகிர்ந்தாரல்லர்.

முடிவுரை

நாவலின் இறுதியில் சாம் என்ன ஆனான் என்பது பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட வரலாறுகள் மக்களிடையே வழங்குவதாக ஆசிரியர் கூறி, எதனையும் உறுதி செய்யாது விடுகின்றார். தேவராட்சி தளர்ந்த பின்னும் தொன்மம் பிறத்தல் ஓயவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முன்னைத் தொன்மங்கள் மேலிருந்து விதிக்கப்பட்டவை. இவை மக்கள் தாமே ஆக்கிக்கொண்டவை. விதிக்கப்பட்ட வியப்பு அடிமைப்படுத்தும். தாமே படைத்துக்கொண்ட வியப்பு இலக்கியமாகும்.

இந்நூல் அறிவியலைச் சார்ந்ததோ மாயத்தைச் சார்ந்ததோ என்னும் பூசலை வாசகர் தொடர்ந்து நிகழ்த்துவர். அப்பூசல் நூலின் தெளிவின்மையால் எழுந்த பிழை அன்று. நூலின் பொருளே வாசகரிடத்து மீண்டும் நிகழ்வது. கலப்புவகை நாவல்களை ஆராயப் புகும் மாணவர், வகைப்பெயரைத் தேடுமுன், அவ்வுலகில் எவர் எதனை அறிவர், எவர்க்கு அவ்வறிவு மறுக்கப்பட்டது என்பதை முதற்கண் ஆராய்வாராயின் பயன் மிகும் என்பது எம் துணிபு.